செதிலைப் பார்த்தவர்கள், எலும்பைப் பார்த்தவர்கள்

1

விரால் மீனை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் பௌஃபின் மீனின் படத்தைக் காட்டினால் “அட, இது விரால்தானே?” என்றுதான் கேட்பார். உருளையான உடம்பு, முதுகு நெடுக ஓடும் நீளத் துடுப்பு, பெரிய வாய், சேற்றுக் குளத்தில் மேலே வந்து காற்றைக் குடிக்கும் பழக்கம் என எல்லாமே ஒத்துப்போகின்றன. அமெரிக்காவில் இதே குழப்பம் எதிர்த்திசையில் நடக்கிறது. ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்த விரால் வகைகளை அங்கே ஒழிக்கப் பார்க்கிறார்கள். அந்த வேகத்தில் உள்ளூர் பௌஃபினையும் விரால் என்று நினைத்துக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக, இரண்டையும் பிரித்தறியும் படங்களைத் தூண்டில்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

வித்தியாசம் தெரிய மீனைப் புரட்டிப் பார்க்க வேண்டும். விராலுக்கு அடிப்பக்கத்துக் குதத் துடுப்பும் நீளம், பௌஃபினுக்கு அது குட்டை. பௌஃபினின் கீழ்த்தாடை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே, தொண்டைக்கு அடியில், ஒரு தட்டையான எலும்புத் தகடு இருக்கும். விராலுக்கு அது கிடையாது. தோற்றத்தில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் இரண்டும் உறவுமுறையில் எங்கெங்கோ இருப்பவை. விராலுக்கு நெத்திலியும் வஞ்சிரமும் கெளுத்தியும்கூட பௌஃபினைவிட நெருங்கிய சொந்தம்.

பௌஃபின் ஒரு பழைய குடும்பத்தின் கடைசி வாரிசு. ஆமியிடே என்ற அந்தக் குடும்பம் டைனோசர் காலத்தில் பல கண்டங்களில் பரவியிருந்தது. இன்று மிஞ்சியிருப்பது வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வாழும் ஆமியா என்ற ஒரே பேரினம். அதிலும் ஒரே இனம்தான் உண்டு என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2022-ல்தான் இரண்டு என்று பிரித்தார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் குடும்பத்தின் செத்துப்போன பெரிய உறுப்பினர் ஒன்றைப் பற்றியது. பெயர் கலமோப்ளூரஸ். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பிரேசிலின் வடகிழக்கில் வாழ்ந்த, ஒரு மீட்டர் அளவுக்கு வளரும் வேட்டை மீன். அதன் பெயர் வரலாற்றைத்தான் நான் முதலில் படித்தேன். அதற்குப் பெயர் வைத்தவர்கள் யார் யார் என்று தேடப்போக, மீனோடு நிற்காமல் கதை வேறு இடங்களுக்கும் இழுத்துக்கொண்டு போனது.

2

1838-ன் கடைசியில் ஜார்ஜ் கார்ட்னர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரேசிலின் சியரா மாகாணத்தில் அராரிப்பே பீடபூமிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார். படிப்பில் மருத்துவர், ஆர்வத்தில் தாவரவியலாளர். செடி சேகரிக்கத்தான் போனார். ஆனால் ஜார்டிம் என்ற ஊரின் அருகே மலைச்சரிவில் கிடந்த உருண்டைக் கற்கள் அவர் கண்ணில் பட்டன. கல்லைச் சுத்தியலால் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். உள்ளே மீன்.

சுண்ணாம்புச் சத்தால் ஆன இந்தக் கற்கள் செத்த மீனைச் சுற்றி உருவானவை. மீன் அடியில் போய்ச் சேற்றில் புதைந்ததும், அது அழுகுவதற்குள்ளேயே சுற்றிலும் கனிமம் படிந்து இறுகிவிடுகிறது. அதனால் மற்ற இடங்களில் கிடைப்பதுபோல இந்த மீன்கள் காகிதமாக நசுங்குவதில்லை. உருண்டு திரண்ட உடம்போடே கிடைக்கின்றன. சிலவற்றில் தசைநார்கூட கல்லாகியிருக்கிறது.

கார்ட்னர் பெட்டி பெட்டியாகப் பொறுக்கி ஊருக்கு அனுப்பினார். அவர் 1841-ல் திரும்பிப் போவதற்குள் கற்கள் அங்கே புகழடைந்துவிட்டன. இதற்குப் பிறகு அவர் வாழ்க்கை நம் பக்கம் வருகிறது. இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். பிரேசில் பயணத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1846-ல் லண்டனில் வெளியானபோது அவர் இலங்கையில் இருந்தார். 1849-ல் நுவரெலியாவில் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பேராதனைக்குப் போகிறவர்கள் பனை வரிசையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பூங்காவை நடத்திய ஒருவர் பிரேசிலின் மீன் கற்களை உலகத்துக்குக் காட்டியவர் என்ற தகவல் எனக்கு இந்த மீன் வழியாகத்தான் கிடைத்தது.

3

1840 செப்டம்பரில் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம் நடந்தது. லூயி அகாசி வந்திருந்தார். சுவிட்சர்லாந்துக்காரர், வயது 33. ஐரோப்பா ஒரு காலத்தில் பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது என்று சொல்லி எல்லோரையும் அதிரவைத்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் அவருடைய உண்மையான பலம் மீன். இருபது வயது சொச்சத்தில், ஸ்பிக்ஸ் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மீன்களை விவரித்துப் பெயர் வாங்கியவர். 1833-லிருந்து 1843 வரை தொல்மீன்களைப் பற்றிப் பல தொகுதிகளாகப் புத்தகம் எழுதினார். அன்றைக்குக் கல்லுக்குள் மீன் கிடைத்தால் அதை அகாசியிடம் காட்டு என்பதுதான் வழக்கம்.

கார்ட்னரின் மீன்களும் அகாசியிடம் போயின. மறு ஆண்டே அவற்றுக்குப் பெயர் வைத்துச் சில பக்கக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். மீன்களின் வகையை வைத்தே அந்தப் பாறை கிரிட்டேசியஸ் காலத்தது என்று கணித்தார். அது சரியான கணிப்பு. ஒரு மீனுக்கு கார்ட்னரின் பெயரைச் சேர்த்து கிளாடோசைக்ளஸ் கார்ட்னெரி என்று வைத்தார். இன்னொன்றுக்கு ராக்கோலெபிஸ். மற்றொன்றுக்கு கலமோப்ளூரஸ் சிலிண்ட்ரிக்கஸ். கிரேக்கத்தில் கலமோஸ் என்றால் நாணல், ப்ளூரா என்றால் விலா. நாணல் விலாக்காரன், உருளை உடம்புக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர் அழகு. ஆனால் ஒரு மீனுக்குப் பெயர் வைப்பது வேறு, அது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வது வேறு. இரண்டாவது வேலைக்கு அகாசி கையில் வைத்திருந்த கருவி செதில். உலகத்து மீன்கள் அத்தனையையும் செதிலின் வடிவத்தை வைத்து நான்காகப் பிரித்திருந்தார்: சுறாவைப் போலப் பல்பல்லாகச் செதில் உள்ளவை, பளபளக்கும் எனாமல் பூச்சோடு தடித்த செதில் உள்ளவை, சீப்பு விளிம்புச் செதில் உள்ளவை, மெல்லிய வட்டச் செதில் உள்ளவை.

கல்லில் செதில்தான் எப்போதும் கண்ணில் படும் என்பதால் இது வசதியான முறை. சிக்கல் என்னவென்றால், செதில் பொய் சொல்லும். பௌஃபினின் முன்னோர்களுக்குத் தடித்த எனாமல் செதில் இருந்தது. காலப்போக்கில் அது மெலிந்து, பூச்சு போய், கெண்டை மீனின் செதில் மாதிரி வட்டமாகிவிட்டது. செதிலை மட்டும் பார்ப்பவருக்கு பௌஃபினும் கெண்டையும் ஒரே கூட்டம்.

4

உயிரோடு இருந்த பௌஃபினுக்கே இந்தக் கதிதான். லின்னேயஸ் 1766-ல் அதற்கு ஆமியா கால்வா என்று பெயரிட்டார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஒரு மருத்துவர் அனுப்பிய மீன் அது. கால்வா என்றால் வழுக்கை. தலையில் செதில் இல்லாததால் அப்படி. அதன் பிறகு பெரிய ஆளான குவியே அதை ஹெர்ரிங், மத்தி வகையறாவோடு சேர்த்துவைத்தார்.

இந்த முடிச்சை அவிழ்த்தது இதயம். 1844-ல் பெர்லினில் யொஹன்னஸ் முல்லர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மத்தி, கெண்டை போன்ற சாதாரண மீன்களில் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாயில் ஒரே வரிசை அடைப்பிதழ்கள்தான் இருக்கும். ஆனால் பழைய வகை மீன்களில் அந்த இடத்தில் தசைக் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் அடைப்பிதழ்கள் வரிசை வரிசையாக இருக்கும். வகைப்படுத்தலுக்கு இனி செதில் வேண்டாம், இதயத்தைப் பாருங்கள் என்றார். அடுத்த ஆண்டு கார்ல் ஃபோக்ட் ஒரு பௌஃபினை அறுத்துப் பார்த்தார். உள்ளே வரிசை வரிசையாக அடைப்பிதழ்கள்! மத்தி வீட்டில் இருந்த பௌஃபின் ஒரே நாளில் பழைய மீன்களின் வீட்டுக்கு மாறியது. ஃபோக்ட் சில காலம் அகாசிக்கு உதவியாளராக இருந்தவர் என்பதுதான் இதில் சுவாரசியம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதயம் கல்லாகாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2016-ல் ஒரு பிரேசில் ஆய்வுக்குழு அராரிப்பே கற்களை எக்ஸ்-ரே கதிர்களால் ஊடுருவிப் பார்த்து, ஒரு மீனுக்குள் கல்லாகிப்போன இதயத்தைக் கண்டுபிடித்தது. அதில் ஐந்து வரிசை அடைப்பிதழ்கள் இருந்தன. அந்த மீன் ராக்கோலெபிஸ். அகாசி 1841-ல் பெயர் வைத்த அதே மீன். செதிலை வைத்து அவர் தரம் பிரித்த கற்களுக்குள்ளேயே, அந்த முறையைத் தோற்கடித்த உறுப்பும் 175 ஆண்டுகள் இருந்திருக்கிறது.

5

கலமோப்ளூரஸுக்கு அடுத்த திருப்பம் 1908-ல் வந்தது. டேவிட் ஸ்டார் ஜோர்டான் அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய மீனியலாளர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1873-ல் அகாசி நடத்திய கோடைக்காலப் பள்ளியில் படித்தவர். அவரும் புவியியலாளர் ஜான் பிரானரும் சேர்ந்து சியராவின் கிரிட்டேசியஸ் மீன்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள்.

அதில் நடந்த குழப்பம் தமிழ்ப் படத்தில் வரும் ஆள்மாறாட்டம் மாதிரி. அவர்கள் கைக்கு ஒரு பெரிய பல்லுள்ள மீன் வந்தது. அதைப் புதியது என்று எடுத்துக்கொண்டு என்னெலெஸ் ஔடாக்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். உண்மையில் அதுதான் அகாசியின் கலமோப்ளூரஸ். அதே நூலில், சம்பந்தமில்லாத இன்னொரு மீனை கலமோப்ளூரஸ் பேரினத்தில் சேர்த்து வெஸ்டிட்டஸ் என்று அழைத்தார்கள். அது டார்பன், விலாங்கு வகையறாவின் பழைய சொந்தம். அதாவது உண்மையான ஆளுக்குப் புனைபெயர், வேறொருவனுக்கு அவனுடைய அடையாள அட்டை. பிறகு ஜோர்டானே அந்த இரண்டாம் மீனுக்குத் தனிப் பேரினம் உருவாக்கி, நண்பரின் நினைவாக பிரானெரியான் என்று வைத்தார். ஆனால் என்னெலெஸ் என்ற புனைபெயர் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது.

ஜோர்டானை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. அகாசி விட்டுச்சென்றது சில பக்கக் குறிப்பு. அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் கல்லை அடையாளம் காண்பது ரொம்பக் கஷ்டம்.

6

1960-ல் பிரேசிலின் தொல்லுயிரியலாளர் ரூபென்ஸ் டா சில்வா சாண்டோஸ், என்னெலெஸ் ஒரு ஆமியிட் என்று எழுதினார். அதாவது பௌஃபின் குடும்பம். மீன் கிடைத்த நாட்டிலிருந்தே அதன் வீட்டு விலாசம் வந்தது எனக்குப் பிடித்த விஷயம். அதன் பிறகு, முதலில் வைத்த பெயரே செல்லும் என்ற விதிப்படி என்னெலெஸ் நீங்கி, கலமோப்ளூரஸ் தன் பெயரைத் திரும்பப் பெற்றது.

ஒரு கல்மீன் பௌஃபினின் சொந்தம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? தொண்டைத் தகடு போதாது. டார்பனுக்கும் அது உண்டு. முதுகுத் துடுப்பும் உதவாது. பௌஃபினின் நீண்ட துடுப்பு கலமோப்ளூரஸுக்குக் கிடையாது. இருந்தது குட்டைத் துடுப்பு. உயிரோடு நீந்தினால் நமக்கு அது பௌஃபின் மாதிரியே தெரிந்திருக்காது.

பார்க்க வேண்டிய முதல் இடம் தாடை மூட்டு. பெரும்பாலான மீன்களில் கீழ்த்தாடை ஒரே எலும்பில் மாட்டியிருக்கும், கதவுக்கு ஒற்றைக் கீல் போல. பௌஃபினிலும் அதன் பழைய உறவுகளிலும் பின்னால் இருக்கும் இன்னொரு எலும்பும் வந்து தாடையில் பொருந்தும். இரட்டைக் கீல்.

இரண்டாவது வால். ஆமியிட் மீன்களின் வால் பகுதியில் ஒவ்வொரு உடற்கண்டத்துக்கும் முள்ளெலும்பு வட்டு ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் மேலும் கீழும் முள் இருக்கும், அடுத்தது மொட்டையாக இருக்கும். தண்டுவடம் கடைசியில் மேல்நோக்கி வளைந்து, அதற்கு அடியில் விசிறி எலும்புகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு விசிறி எலும்புக்கும் துடுப்புக் கதிர் ஒன்றே ஒன்று.

மூன்றாவது பல். கலமோப்ளூரஸின் பெரிய பற்களின் நுனித் தொப்பி வெறும் கூம்பு கிடையாது. ஓரம் தட்டிய கத்தி போலக் கூர்விளிம்பு உள்ளது. குடும்பத்துக்குள்ளேயே ஒரு தனிக் கிளையின் அடையாளம் இது.

இதையெல்லாம் பார்க்கக் கல்லை உடைத்தால் போதாது. நீர்த்த அமிலத்தில் வைத்து, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, வெளிவரும் எலும்புக்குப் பசை பூசி, மறுபடி அமிலத்தில் வைக்க வேண்டும். பொறுமைக்காரர்களின் வேலை. 1998-ல் லான்ஸ் கிராண்டியும் வில்லியம் பெமிஸும் ஆமியிட் மீன்கள் அத்தனையையும் எலும்பு எலும்பாக ஒப்பிட்டு ஏறக்குறைய 700 பக்கத்துக்கு ஒரு நூல் வெளியிட்டார்கள். குடும்பத்தை நான்கு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார்கள். இன்றைய பௌஃபின் ஒரு கிளையில். கூர்விளிம்புப் பற்காரர்கள் விடலாமினே என்ற இன்னொரு கிளையில். கலமோப்ளூரஸ் அதில் ஒரு மூத்த பிள்ளை.

அதே ஆண்டில் பீட்டர் ஃபோரியும் கிராண்டியும் மொராக்கோவின் கெம் கெம் பாறைகளில் கலமோப்ளூரஸ் ஆஃப்ரிக்கானஸ் கிடைத்ததை எழுதினார்கள். பிரேசில் மீனின் ஆப்பிரிக்க இரட்டை. அட்லாண்டிக் பெருங்கடல் திறந்து இரு கண்டங்களும் பிரிந்துகொண்டிருந்த காலத்து மீன்கள் இவை. கலமோப்ளூரஸின் மிக நெருங்கிய உறவான மாலியாமியா மாலி நாட்டில், டைனோசர்கள் அழிந்து ஒரு கோடி ஆண்டுகள் கழித்தும் இருந்திருக்கிறது. இன்று பௌஃபின் வாழ்வது வட அமெரிக்காவில் மட்டும். எலும்பைப் படிக்கவில்லையென்றால், இந்தக் குடும்பம் தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் ஆண்ட கதை யாருக்குமே தெரிந்திருக்காது.

7

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் பெயர் வைத்த இருவரையும் பற்றித் தெரிந்த பிறகு என்னால் மீனோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

அகாசி 1846-ல் அமெரிக்கா போனார், ஹார்வர்டில் பெரிய ஆளானார். மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, சமமானவை அல்ல என்று பேசினார். 1850-ல் தென் கரோலினாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களை உடை களையவைத்து, அவருக்காகப் படமெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ரெண்டி, இன்னொருவர் அவர் மகள் டீலியா. 1865-ல் அகாசி பிரேசிலுக்குப் போனார். மீனும் சேகரித்தார். மனாவுஸில் கலப்பின மக்களை நிற்கவைத்துப் படமும் எடுக்கச் செய்தார். இனக் கலப்பு சீரழிவு என்று காட்டுவது நோக்கம். ஜோர்டானோ மனித இனத்தைத் “தரம் உயர்த்தும்” யூஜெனிக்ஸ் கொள்கையின் முன்னணிப் பிரசாரகர். 1906-ல் அமெரிக்காவில் அதற்கென அமைந்த முதல் குழுவுக்கு அவரே தலைவர். அவர் மாநிலமான கலிஃபோர்னியா 1909-ல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. சுமார் 20,000 பேர் அதற்கு ஆளானார்கள்.

அறிவியலில் தவறுவது பாவமில்லை. செதிலை நம்பியது ஒரு தவறு. முல்லரும் ஃபோக்டும் அடுத்த சில ஆண்டுகளில் திருத்தினார்கள். ஆள்மாறாட்டம் ஒரு தவறு. அதையும் திருத்தினார்கள். கலமோப்ளூரஸ் கல்லுக்குள் சும்மாதான் கிடந்தது. என்னெலெஸ் என்று கூப்பிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. மேற்பரப்பைப் பார்த்து வீட்டைத் தீர்மானிக்கும் அதே பழக்கத்தை மனிதர்கள்மேல் வைத்தபோதுதான் கணக்கு மாறுகிறது. ரெண்டியும் டீலியாவும் திருத்தம் வரும் வரை 150 ஆண்டுகள் காத்திருக்க முடியாதவர்கள். அந்தப் படங்களைக் கேட்டு, ரெண்டியின் வழிவந்தவர் தான் என்று சொல்லும் ஒரு பெண் 2019-ல் வழக்குப் போட்டார். 2025-ல்தான் படங்களைத் தென் கரோலினாவின் ஓர் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்க ஹார்வர்ட் ஒத்துக்கொண்டது.

1906 நிலநடுக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் இருந்த அகாசியின் பளிங்குச் சிலை தலைகீழாக விழுந்து நடைபாதையில் குத்தி நின்றது. அந்தப் படம் இன்றும் பிரபலம். சிலையை மறுபடி அதே கட்டடத்தில் ஏற்றினார்கள், கட்டடத்துக்குப் பின்னாளில் ஜோர்டானின் பெயரை வைத்தார்கள். 2020-ல் அந்தப் பெயரை நீக்கவும் சிலையை அகற்றவும் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. மீன்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் அப்படியே இருக்கின்றன. விதி அப்படி. முதலில் வைத்தவர் யார் என்று மட்டும்தான் அது கேட்கும், எப்படிப்பட்டவர் என்று கேட்காது.

அராரிப்பேயில் இன்றும் கற்கள் கிடைக்கின்றன. பிரேசில் 1942-லேயே தொல்லெச்சங்கள் நாட்டின் சொத்து என்று சட்டம் போட்டது. இருந்தும் கடத்தல் பல பத்தாண்டுகள் நடந்தது. அங்கிருந்து ஜெர்மனிக்குப் போன உபிராஜாரா என்ற டைனோசர், பிரேசில் ஆய்வாளர்கள் விடாமல் கேட்டதால் 2023-ல் திரும்பி வந்தது. இப்போது சாண்டானா டோ கரீரி என்ற சின்ன ஊரில், மீன் கற்கள் கிடைக்கும் இடத்திலேயே ஒரு தொல்லுயிர் அருங்காட்சியகம் இருக்கிறது. கார்ட்னர் காலத்தில் அந்த ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பெட்டி கிளாஸ்கோவுக்குப் போய்விடும். இன்று அதே ஊர்ப் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தொண்டைத் தகட்டையும் பல்லையும் தாங்களே பார்க்கலாம். அடுத்த திருத்தத்தை அவர்களில் ஒருவர் எழுதட்டும்.